தெருவைச் சுற்றிவர எது தோது: போனா, குட்டி கேமராவா, ஃபிலிமா?

மயிலாப்பூரில் கோபுரத்தையும் தெப்பக்குளத்தையும் படமெடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த அலசல் அவர்களுக்கானதில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் தெற்கு மாட வீதியில் இறங்கும் காய்கறி மூட்டை, சித்திரைக்குளம் பக்கத்துச் சந்தில் கேட்டில் தொங்கும் பால் பை, அடிபம்பு, இஸ்திரி வண்டி, வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள், மதில்மேல் யாரோ காயப்போட்ட மிதியடி. இவற்றை அவசரமில்லாமல் நின்று பார்த்து எடுக்கக் கையில் எது இருக்க வேண்டும்? படத்தின் தரத்தை நான் ஓரமாக வைத்துவிடுகிறேன். மூன்றிலுமே அது போதுமான அளவு இருக்கிறது. நடையைக் கெடுக்காமல், கண்ணைத் திறந்து வைப்பது எது என்று மட்டும் பார்ப்போம்.

போனிலிருந்து தொடங்குவதுதான் நியாயம், எல்லாரிடமும் இருப்பது அதுதான். அதன் பெரிய பலம், தரையோடு தரையாக வைத்து எடுக்க முடிவது. போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் மண்ணிலிருந்து ஓரிரு அங்குல உயரத்துக்கு வந்துவிடும். 1976-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்கள் காட்சிக்கு வந்தபோது, இதெல்லாம் ஒரு படமா என்று விமர்சகர்கள் சீறினார்கள். அவர் எடுத்ததில் ஒன்று, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். தாழ்வான கோணத்தில் எடுத்ததால் பின்னாலிருக்கும் வீடுகளைவிட அது பெரிதாகத் தெரியும். அந்தப் பார்வை இன்று போன் வைத்திருக்கும் யாருக்கும் கிடைக்கும், முட்டி போடக்கூட வேண்டாம்.

ஆனால் போனுக்கு நிழல் பிடிக்காது. வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த பல படங்களை ஒன்றாகக் கலந்து, இருட்டை வெளிச்சமாக்கிக் கொடுத்துவிடும். காலைச் சந்தில் பாதி அழகே திண்ணைக்கு அடியிலிருக்கும் இருட்டுதான். அதைத் துடைத்துவிட்டால் ரியல் எஸ்டேட் விளம்பரப் படம் மாதிரி ஆகிவிடுகிறது. திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் ஓரளவு சரியாகும். முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 மி.மீ. அக்கம்பக்கம் (இந்த எண் குறையக் குறையப் பார்வை அகலும்) இருப்பதால், வேண்டாத ஸ்கூட்டரும் கேபிள் வயரும் தானாகவே உள்ளே வந்துவிடும் என்பது இன்னொரு தொல்லை. இதற்கெல்லாம் மருந்து உண்டு. வாட்ஸ்அப்புக்குத்தான் இல்லை. குடத்தை எடுக்கப் போனை நீட்டுவீர்கள், குடும்ப குரூப்பில் காலை வணக்கம் வந்து விழும். அத்தோடு நடை முடிந்தது.

அடுத்து, ஜூம் இல்லாத ஒற்றை லென்ஸ் குட்டி கேமரா. இந்த வகையில் எனக்கு மனசு போவது ரிக்கோ ஜிஆர் 3 பக்கம். 2019-ல் வந்தது, பேட்டரியோடு 257 கிராம், 28 மி.மீ. பார்வை. சட்டைப் பையில் போய்விடும். இதன் உயிர் ஸ்நாப் ஃபோகஸ். தூரத்தை 2 மீட்டரில் நிறுத்தி, லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கிவிட்டால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து தெருவின் பெரும்பகுதி தெளிவாக விழும். ஃபோகஸ் தேடும் வேலையே கிடையாது. பார், அழுத்து, நட. குறைகளும் சின்னவை இல்லை. திரை மடங்காது, ஆகவே அந்த சைக்கிள் கோணத்துக்குக் குனிந்தே ஆக வேண்டும். பேட்டரி சுமார் 200 படத்தில் படுத்துவிடும். ஈரத்துக்கும் தூசிக்கும் பாதுகாப்பில்லை என்பது சென்னையில் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 6 (2024) வ்யூஃபைண்டரும் மடங்கும் திரையும் தருகிறது, 35 மி.மீ. பார்வையும் இதமானது. ஆனால் 521 கிராம். கழுத்தில் தொங்கப் போட்டால் நீங்கள் நடைப்பயிற்சிக்காரர் இல்லை, ‘போட்டோகிராஃபர்’. பெரிய ஜூம் கேமராவைப் பற்றி ஒரே வரி: எதிர்ச்சாரியில் நின்றபடியே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளலாம் என்றால் தெருவைக் கடக்க மாட்டீர்கள், அதனால் இந்த வேலைக்கு வேண்டாம்.

ஃபிலிமுக்கு வருவோம். இதன் சாதகம் திரை இல்லாததுதான். எடுத்த படம் எப்படி வந்தது என்று குனிந்து பார்க்க வழியில்லாததால் கண் அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறது. ரோலுக்கு 36 படம் என்பதால் கையும் தானாக அடங்கும். ஆனால் ரோல், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாய் எளிதாகத் தாண்டும். 200 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு அளவு) ரோல் வெயில் ஏறியபிறகுதான் சுகப்படும். சென்னையில் மே மாதம் 5.45 வாக்கில் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும், அதற்கு முன் கிளம்புகிறவர்களுக்கு 400 தேவை. பழைய கேமரா வாங்குவதிலும் ஆபத்து உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படராமல் தப்பியது அபூர்வம், டார்ச் அடித்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். சிலவற்றில் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர், இப்போது விற்பனையிலேயே இல்லாத பாதரச பேட்டரியைக் கேட்கும்.

மூன்றையும் சோதிக்கத் தோதான பொருள் கோலம். கழுவிவிட்ட கறுத்த தரையில் வெள்ளைக் கோடு. தரை இருட்டாக இருப்பதால் லைட் மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், மாவின் நுணுக்கம் வெளிறிப் போகும். வெளிச்சத்தை இரண்டு மூன்று சின்னப் படி, அதாவது சுமார் 0.7 அல்லது 1 ஸ்டாப் குறைத்தால் கோடு கோடாக நிற்கும். குட்டி கேமராவில் இது ஒரு விரல் வேலை. போனில் அழுத்தி இழுக்க வேண்டும். ஃபிலிமில் மனக்கணக்கு. ஆனால் வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் நெகட்டிவ் ஃபிலிம் மன்னித்துவிடும். அப்புறம், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்த்தால் 28 மி.மீ. லென்ஸ் சுமார் 1.9 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், 50 மி.மீ. ஒரு மீட்டர் சொச்சம்தான். பழைய ஃபிலிம் கேமராவோடு பெரும்பாலும் வருவது 50 என்பதால் முழுக் கோலம் அடங்காது, ஒரு மூலைதான் கிடைக்கும். மூலை பல சமயம் முழுசைவிட நல்ல படம் என்பது வேறு கதை.

அக்கம்பக்கத்து மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கழுத்தில் கேமராவைப் பார்த்தால் “எந்த சேனல் சார்?” என்பார்கள். மின்பெட்டியைப் போனில் எடுத்தால் “ஈபி ஆபீஸா?” சிரித்துவிட்டு நடக்கலாம். ஆனால் வீட்டு வாசலை நோக்கிப் போனை நீட்டியபடி நிற்பவர்மீது சந்தேகம் வருவது இயல்பு, வீடியோ எடுக்கிறாரோ என்று நினைப்பார்கள். பழைய ஃபிலிம் கேமராவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. “எங்க அப்பாகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு” என்று பேச்சு ஆரம்பித்துவிடும். யாராயிருந்தாலும் கோலம் போட்டுக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை.

என் தீர்ப்பு குட்டி கேமராவுக்கு. ஃபிலிம் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. ஆனால் உடனே வாங்கப் போகாதீர்கள். ஒரு மாதம் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு நடந்து பாருங்கள். பிறகு கேலரியைத் திறந்து, உங்களுக்குப் பிடித்த படங்களில் அதிகம் எந்த லென்ஸ், எவ்வளவு ஜூம் என்று விவரத்தில் பாருங்கள். பெரும்பாலும் 1 எக்ஸ் என்றால் 28 மி.மீ. ஜிஆர் 3 பொருந்தும். ஒன்றரை, இரண்டு எக்ஸ் என்று போயிருந்தால் அதே கேமராவின் 40 மி.மீ. வடிவம், 2021-ல் வந்த ஜிஆர் 3எக்ஸ். மூன்று எக்ஸுக்கு மேலேயே இருந்தால் பணத்தை வங்கியிலேயே விட்டுவிட்டு, இன்னும் நாலடி கிட்டப் போய் நிற்கப் பழகுங்கள்.