"நோடு பெட்டி மாட்டினால் மாத வருமானம்": நீலகிரியில் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் கவனிக்க

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி விற்கப்பட்டிருக்கிறது. "பிட்காயின் நோடு. கரண்டையும் நெட்டையும் செருகிவிட்டால் போதும், மாதாமாதம் பணம் ஏறும்" என்பது விற்பவரின் பேச்சு. நோடு என்பது பிட்காயின் பரிவர்த்தனைகளைத் தானே சரிபார்க்கும் மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர். விலை நாற்பதாயிரத்தை ஒட்டி. 'அப்டேட்' செய்ய ஆண்டுக் கட்டணம் தனி. மாட்டிக் கொடுத்தவர் மலை இறங்கிய பிறகு போனை எடுப்பதில்லை. அப்படியொரு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சோதித்ததில் வெளிவந்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறது. உள்ளே இருந்தவை: ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு, யுஎஸ்பி கூட்டுக்குள் ஒரு 'எஸ்எஸ்டி', ஒரு செல்போன் சார்ஜர், 24 சொற்கள் அச்சடித்த ஓர் அட்டை.

முதலில் அந்த வருமானம். நோடு ஓட்டுகிறவருக்கு பிட்காயின் நெட்வொர்க் ஒரு பைசாவும் தருவதில்லை. கூலி கிடைப்பது பிளாக்கை, அதாவது பரிவர்த்தனைகளின் அடுத்த தொகுப்பை, கண்டுபிடிக்கும் மைனருக்கு. 2024 ஏப்ரலில் 8,40,000-ஆவது பிளாக்கோடு அதுவும் 3.125 பிட்காயினாகக் குறைந்துவிட்டது. அதற்கென்றே செய்த ஏசிக் இயந்திரங்கள் வேண்டும், ராஸ்பெர்ரி பையால் நடக்கிற காரியமல்ல. பிட்காயினுக்கு மேல் ஓடும் விரைவுப் பண நெட்வொர்க்கான லைட்னிங்கில் நோடு வைத்தால், அடுத்தவர் பணத்தைக் கடத்திவிடும் வழிக் கட்டணம் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும், சேனல்களில் சொந்தக் காசைப் பூட்டி வைத்து, நாள்தோறும் அதைக் கவனித்துக்கொண்டிருந்தால், சில்லறையாக. இந்தப் பெட்டியின் திரையில் 'வருமானம்' என்று ஏறிக்கொண்டிருந்த எண், பெட்டி ஓடிய மணி நேரத்தை ஒரு தொகையால் பெருக்கிக் காட்டும் சின்ன ஸ்கிரிப்ட். அதற்குப் பின்னால் வாலட்டும் இல்லை, பரிவர்த்தனையும் இல்லை.

பிறகு எதற்கு நோடு ஓட்டுகிறார்கள்? தனக்கு வந்த காசு உண்மையான காசுதானா என்று யாரையும் கேட்காமல் தானே சரிபார்க்க. தன் முகவரிகளை அடுத்தவர் சர்வரிடம் காட்டாமல் இருக்க. நல்ல காரணங்கள்தான், ஆனால் இதில் சம்பளம் கிடையாது.

அடுத்தது டிஸ்க். வெளியே ஒட்டியிருந்தது '2 டிபி'. இணைத்துப் பார்த்தால் கம்ப்யூட்டரும் 2 டிபி என்றே சொல்லும், ஏனென்றால் டிஸ்கை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் உள் மென்பொருளையே அப்படிப் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். கூட்டைப் பிளந்தால் உள்ளே ஒரு மைக்ரோஎஸ்டி கார்டு. உண்மையான கொள்ளளவைத் தாண்டி எழுதப்படுவது எங்கும் போய்ச் சேராது. எழுதும்போது பிழையும் காட்டாது. திரும்பப் படிக்கும்போதுதான் குட்டு உடையும்.

அப்படியிருந்தும் நோடு '100% சிங்க்' என்று எப்படிக் காட்டியது? புரூன் செய்திருந்தார்கள். நோடு ஓட்டும் மென்பொருளான பிட்காயின் கோரில் புரூன் அளவை 550 எம்பி வரை குறைக்கலாம். பழைய பிளாக்குகளைச் சரிபார்த்த கையோடு அழித்துவிட்டு, கடைசிச் சிலவற்றையும் செயின்ஸ்டேட் என்ற செலவழியாத காசுகளின் கணக்கையும் மட்டும் வைத்துக்கொள்ளும். செயின்ஸ்டேட் பத்துப் பதினைந்து ஜிபிக்குள் அடங்கிவிடும், ஆகவே 64 ஜிபி கார்டிலும் ஓடும். இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். புரூன் நோடு போலியல்ல, முழு நோடு போலவே எல்லா விதிகளையும் சரிபார்க்கும். 2 டிபி விலை வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்ததுதான் மோசடி. மலைப் பிரதேசத்தில் அதற்கு இன்னொரு விலையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறோம்.

கண்டுபிடிக்க இரண்டு கட்டளை போதும். பிட்காயின் கோருக்குக் கட்டளை கொடுக்கும் பிட்காயின்-சிஎல்ஐ-யில் 'கெட்பிளாக்செயின்இன்ஃபோ' கொடுத்தால் 'புரூன்டு' என்ற வரியில் உண்மையா பொய்யா என்று இருக்கும், பக்கத்திலேயே டிஸ்கில் எவ்வளவு பிடித்திருக்கிறது என்ற கணக்கும் இருக்கும். முழு பிளாக்செயின் இப்போது 700 ஜிபியைத் தாண்டிவிட்டது. இதில் சில ஜிபி மட்டும் காட்டினால் விஷயம் புரிந்துவிடும். 'கெட்நெட்வொர்க்இன்ஃபோ'வில் சேவைகளின் பட்டியலில் 'நெட்வொர்க்_லிமிடெட்' மட்டும் இருந்து தனி 'நெட்வொர்க்' இல்லையென்றால், அந்த நோடு மற்றவர்களுக்குக் கடைசி 288 பிளாக்குகளை, அதாவது சுமார் இரண்டு நாள் வரலாற்றை மட்டுமே தர முடியும்.

டிஸ்கைச் சோதிக்க லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ. இரண்டும் இலவசம். எஃப்3ரைட் காலி இடம் முழுவதையும் நிரப்பும், எஃப்3ரீட் அதைத் திரும்பப் படித்து எவ்வளவு கெட்டது என்று சொல்லும். 2 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். புது டிஸ்க் எந்தக் கடையில் வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

இனி, ஆண்டுக் கட்டணம் வாங்கிய அந்த 'அப்டேட்'. பேனலில் 'லேட்டஸ்ட் வெர்ஷன்' என்று பச்சை எழுத்து. அது எப்போதும் மாறாதபடி பேனலில் எழுதி வைத்த வாசகம். 'கெட்நெட்வொர்க்இன்ஃபோ'வில் 'சப்வெர்ஷன்' என்ற இடத்தைப் பார்த்தால் 'சடோஷி: 0.21.0'. அது 2021 ஜனவரியில் வந்தது. 2021 நவம்பரில் 7,09,632-ஆவது பிளாக்கில், காசு செலவழிக்கும் ஒரு புது முறைக்கான டேப்ரூட் விதி நடைமுறைக்கு வந்தது. 0.21.0 அந்த விதியை உண்மையான பிட்காயின் நெட்வொர்க்கில் அமல்படுத்தாது. டேப்ரூட் செலவுகளின் கையொப்பத்தைப் பார்க்காமலே விட்டுவிடும். சரிபார்ப்பதற்கென்றே வாங்கிய பெட்டி சரிபார்க்கவில்லை. 25.0-க்கு முந்தைய பதிப்புகளை வெளியிலிருந்து செய்திகள் அனுப்பியே நிறுத்திவிடக்கூடிய ஓட்டையும் உண்டு. அது 2024 அக்டோபரில் பகிரங்கமாக்கப்பட்டது.

அப்டேட் செய்ய யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. நோடை 'ஸ்டாப்' கட்டளையால் நிறுத்தி, அதன் பதிவுக் கோப்பான டீபக் லாகில் 'ஷட்டவுன்: டன்' வரும்வரை பொறுங்கள், அதற்கு முன் சுவிட்சைத் தட்டக் கூடாது. வாலட் இருந்தால் காப்பி எடுத்து வெளியே வைக்கவும். பை 4-க்கு ஏஆர்ச்64 லினக்ஸ் கோப்பு. அதே பக்கத்திலிருந்து எஸ்எச்ஏ256சம்ஸ் கோப்பையும் அதன் ஏஎஸ்சி கையொப்பத்தையும் சேர்த்து இறக்க வேண்டும். எஸ்எச்ஏ256சம் கொண்டு கோப்பின் ஹாஷ், அதாவது அதன் கைரேகை போன்ற எண், பொருந்துகிறதா, பிறகு கையொப்பம் பார்க்கும் ஜிபிஜி கொண்டு கையொப்பம் செல்லுமா என்று பாருங்கள். முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்துகிறவர்கள் அதிகம். கோப்பை மாற்றி வைத்தவன் ஹாஷ் பட்டியலையும் மாற்றி வைத்திருப்பான், கையொப்பம்தான் அவனைப் பிடிக்கும். கட்டமைப்பாளர்களின் சாவிகளைத் திட்டத்தின் கிட்ஹப் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிறகு பைனரிகளை யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் நிறுவி, ஓட்டி, லாகைப் பார்க்கவும்.

இந்தப் பெட்டி போலப் பழைய பதிப்பிலிருந்து தாவுகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. 0.21 உண்டாக்கிய பழைய வகை வாலட்டை 30-ஆம் பதிப்பு நேரடியாகத் திறக்காது, 'மைக்ரேட்வாலட்' கொடுத்து மாற்ற வேண்டும். 30.0, 30.1 இரண்டிலும் அந்த மாற்றம் பாதியில் தோற்றால் வாலட் கோப்புகளே அழியக்கூடிய பிழை இருந்தது, 30.2-இல் சரிசெய்தார்கள். ஆகவே 30.2 அல்லது அதற்குப் பிந்தையது. காப்பி இல்லாமல் மைக்ரேட்டைத் தொடவே கூடாது.

இனி அந்த அட்டை. வாலட்டின் சாவியான 24 சொற்களை அச்சடித்துக் கொடுத்து "பத்திரமாக லாக்கரில் வையுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். நகல் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு பூட்டு விற்பது போன்ற வேலை. அந்தச் சொற்கள் யாரிடம் இருந்தாலும் காசை எடுக்கலாம், பெட்டி தேவையில்லை, பாஸ்வேர்டை மாற்றியும் பயனில்லை. வாலட்டின் சொற்கள் உங்கள் கண் முன்னால், உங்கள் சாதனத்தில், முதல் முறையாகத் தோன்றியிருக்க வேண்டும். அட்டையில் வந்தவை, போட்டோவில் வந்தவை, வாட்ஸ்அப்பில் வந்தவை எல்லாம் ஒன்றுதான்.

ரௌட்டரிலும் கை வைத்திருந்தார்கள். மற்ற நோடுகள் வந்து பேசுவதற்கான போர்ட் 8333. 8332 என்பது ஆர்பிசி, அதாவது நோடுக்குக் கட்டளையிடும் வாசல். அது வீட்டுக்கு வெளியே ஒருபோதும் தெரியக் கூடாது. பிட்காயின் கோர் இயல்பாக அதை அதே கம்ப்யூட்டருக்குள் மட்டுமே வைக்கும். இங்கே கான்ஃபிக் கோப்பில் ஆர்பிசி எல்லா முகவரிக்கும் திறந்திருந்தது, ரௌட்டரில் 8332-க்கு ஃபார்வர்டும் போட்டிருந்தது. தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச்-இன் 'ஆத்தரைஸ்டு_கீஸ்' கோப்பில் வீட்டாருக்குத் தெரியாத இரண்டு சாவிகள். போதாததற்கு, பூட் ஆனதும் வெளியே ஒரு சர்வரோடு தானே இணைந்து, அங்கிருந்து உள்ளே வர வழி திறக்கும் தலைகீழ் டனல் போடும் சிஸ்டம்டி சேவை. 'ரிமோட் சப்போர்ட்' என்று இதற்குப் பெயர் வைக்கலாம். கேட்டு, தெரிந்து, வேண்டாதபோது அணைக்க முடிந்தால் அது சப்போர்ட். இது அப்படியல்ல.

'ஸ்டாட்டிக் ஐபி செட்டிங்' என்றும் ஒரு தொகை வாங்கியிருக்கிறார்கள். ரௌட்டரின் இணையப் பக்க முகவரி (WAN) 100.64 முதல் 100.127 வரையில் ஒன்றாக இருந்தால் அது சிஜிநாட். ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன, எந்த ஃபார்வர்டும் பலிக்காது. கவலையில்லை. உள்வரும் இணைப்பு ஒன்றுகூட இல்லாமலும், வெளிச்செல்லும் பத்து இணைப்புகளோடு நோடு முழுமையாகச் சரிபார்க்கும். மற்றவர்களுக்கும் உதவ வேண்டுமென்றால் முகவரியை மறைத்து இணைக்கும் டோர் மென்பொருளை நிறுவி, 9051 கன்ட்ரோல் போர்ட்டைத் திறந்து, நோடு ஓடும் யூசரை டெபியன்-டோர் குழுவில் சேர்த்தால் டோர் வழியே வந்து சேரும் ஆனியன் முகவரியை பிட்காயின் கோரே உண்டாக்கிக்கொள்ளும். பேண்ட்வித் பயம் இருந்தால் 'மேக்ஸ்அப்லோடுடார்கெட்' 5000 என்று கொடுக்கலாம், நாளுக்குச் சுமார் 5 ஜிபி.

புரூனின் இன்னொரு விலை என்றோமே, அது கரண்டு. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மரம் சாய்ந்தால் லைன் போகும், வரும், மறுபடி போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் செயின்ஸ்டேட் கெட வாய்ப்புண்டு, மட்டமான டிஸ்கில் இன்னும் அதிகம். முழு நோடு என்றால் 'ரீஇண்டெக்ஸ்-செயின்ஸ்டேட்' கொடுத்து, டிஸ்கில் இருக்கும் பிளாக்குகளிலிருந்தே கணக்கை மறுபடி கட்டிக்கொள்ளலாம். புரூன் நோடில் அது செல்லாது. பழைய பிளாக்குகள்தான் இல்லையே, 700 ஜிபியையும் முதலிலிருந்து இறக்க வேண்டும். 50 எம்பிபிஎஸ் லைன் ஒரு நொடியும் தளராமல் வந்தால்கூட 31 மணி நேரம். பை 4-இன் பிராசசரோடு நடப்பில் பல நாள். மழைக்காலத்தில் அது முடிவதற்குள் அடுத்த கட் வந்துவிடும்.

அதோடு செல்போன் சார்ஜர். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் சப்ளை வேண்டும். 'விசிஜென்கமாண்ட் கெட்_த்ராட்டில்டு' கொடுத்தால் வெறும் பூஜ்யம் வர வேண்டும். இங்கே வந்தது 50005: இந்த நிமிடமும் வோல்டேஜ் குறைவு, முன்பும் குறைந்திருக்கிறது என்று பொருள். யுஎஸ்பி டிஸ்க் திடீரென்று காணாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். நோடு, ரௌட்டர், ஃபைபர் மோடம் மூன்றையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போடுங்கள். பேட்டரி தீரும் முன் நோடைத் தானாக நிறுத்தும்படி வைத்தால் இன்னும் நல்லது. மூடுபனி இறங்கும் ஜன்னல் ஓரம் வேண்டாம்.

இதே பெட்டி வீட்டில் இருந்தால், வரிசை முக்கியம். அதன் வாலட்டில் காசு இருந்தால், வேறு சாதனத்தில் நீங்களே உண்டாக்கிய புது வாலட்டுக்கு இப்போதே மாற்றுங்கள். பிறகு பெட்டியின் லேன் கேபிளை உருவி, ரௌட்டரில் உள்ள ஃபார்வர்டுகளை நீக்கி, அதன் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அட்டை, பில், பேச்சுப் பரிமாற்றம், பணம் அனுப்பிய யுபிஐ விவரம், கட்டளைகளின் வெளியீடு எல்லாவற்றையும் படம் எடுங்கள். அவசரப்பட்டு கார்டை அழிக்க வேண்டாம், அது சாட்சி. கழற்றி உறையில் போட்டு வைத்துவிட்டு, புது கார்டு, புது 2 டிபி எஸ்எஸ்டி என்று முதலிலிருந்து கட்டுங்கள். 1 டிபியும் இப்போதைக்குப் போதும்தான், ஆனால் பிளாக்செயின் ஆண்டுக்கு 80-90 ஜிபி வளர்கிறது. ராஸ்பெர்ரி பை போர்டு மட்டும் மிஞ்சும், அது நல்ல போர்டுதான்.

காசு திருடு போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பொருள் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். கெடு 2 ஆண்டு. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. மனு எழுதும்போது மட்டும் கவனம்: 'வருமானம் வரவில்லை' என்று தொடங்கினால், இது வணிக நோக்கத்தில் வாங்கியது, இவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கும். 2 டிபி என்று விற்ற டிஸ்கில் 2 டிபி இல்லை, காசு வாங்கிய அப்டேட் செய்யப்படவில்லை, கேட்காமல் தொலை அணுகல் வைத்திருந்தார்கள் என்ற மூன்றையும் முன்னால் வைத்து, எஃப்3 அறிக்கையையும் சப்வெர்ஷன் வரியையும் இணைப்பாகச் சேர்க்கவும். விற்றவர் "பெட்டியை அனுப்புங்கள், சரிசெய்து தருகிறோம்" என்று திடீரென்று போன் செய்தால் அனுப்ப வேண்டாம்.