மானிட்டர் கேலிப்ரேட்டர் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டிலேயே போட்டோ பிரிண்ட் போடுகிறவர்கள், மானிட்டர் கலரைச் சரிசெய்யும் கருவி வாங்கும் யோசனையில் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு 8,500 ரூபாயும் மூன்று மாதமும் போய்விட்டது, இன்னொருவருக்குப் போகக் கூடாது.

என்னிடம் இருப்பது ஆறு கலர் மை ஊற்றும் எப்சன் எல்805. அக்கா மகள் சடங்குப் படங்களை நானே ஏ4 தாளில் போட்டு ஆல்பமாகத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பிரிண்ட் எல்லாம் இருட்டாக வந்ததால், சென்னையில் ஒரு கேமரா கடையில் கேட்டேன். "பெட்டி பிரித்த பீஸ் சார், ஒரு தடவைகூட யூஸ் பண்ணல, பாதி விலை" என்று கடைக்காரர் ஒரு கேலிப்ரேட்டரை எடுத்துக் கொடுத்தார். சீரியல் நம்பர் அட்டை பெட்டியில் இல்லை. கம்பெனியின் இப்போதைய மென்பொருள் இந்தக் கருவியை எடுக்காது, டிஸ்ப்ளேகால் இலவசமாகக் கிடைக்கும், அதிலேயே ஓட்டிக்கொள்ளுங்கள் என்றார். டிஸ்ப்ளேகால் நல்ல மென்பொருள்தான், அதில் குறை இல்லை, ஆனால் தயாரித்த கம்பெனியே கைவிட்ட கருவி என்பது அந்தப் பேச்சிலேயே இருந்தது, எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

கேலிப்ரேட் செய்து முடித்ததும் திரையில் சாம்பல் பட்டை லேசாக ரோஸ் அடித்தது. கருவி சொல்வதுதான் சரி, கண்தான் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டு, படங்களில் சிவப்பைக் குறைத்துக் குறைத்துத் திருத்தினேன். தாளில் அரக்குப் பட்டு காய்ந்த பாக்கு நிறத்தில் வந்தது, பிள்ளையின் கன்னத்தில் பச்சை ஏறியிருந்தது. கடைக்குப் போன் செய்தால் "ஹெட் அடைச்சிருக்கும், மையை மாத்துங்க" என்றார்கள். அதையும் நம்பி ஆறு பாட்டில் வாங்கினேன். பதினாலு கிளாஸி தாள் குப்பைக்குப் போனது.

கடைசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் தன்னுடைய புதுக் கருவியோடு வீட்டுக்கு வந்தார். வெள்ளை நிறத்தை 6500 கெல்வினுக்குச் சரிசெய்ததாக என் கருவி சொன்ன அதே திரையை அவருடையது 5600 என்று அளந்தது; இந்த எண் குறைந்தால் திரை சிவப்புப் பக்கம் சாயும். அப்புறம் என் கருவியைத் திருப்பி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே இருந்த கலர் ஃபில்டர் துண்டு ஒன்றின் ஓரம் பால் படிந்த மாதிரி மங்கியிருந்தது. பழைய மாடல்கள் சிலவற்றில் இந்த ஃபில்டர்கள் ஈரத்திலும் வயதிலும் கெட்டுப்போகும், பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் கெடும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதோடு அந்தக் காலத்துக் கருவிகள் ட்யூப் லைட் மாதிரி பின்விளக்கு இருந்த மானிட்டர்களுக்காகச் செய்யப்பட்டவை, இன்றைய எல்ஈடி திரைக்குச் சரியான திருத்தக் கோப்பு இல்லாமல் வைத்தால் தப்பாகத்தான் அளக்கும்.

அதனால் எந்தக் கடையாக இருந்தாலும், மாடல் வெளிவந்த ஆண்டைக் கேளுங்கள். கம்பெனி தளத்தில் உங்கள் விண்டோஸுக்கான மென்பொருள் இன்றும் இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே பாருங்கள். சீரியல் அட்டை இல்லாமல் வாங்காதீர்கள், சில கம்பெனி மென்பொருள் அந்த எண் இல்லாமல் திறக்கவே திறக்காது. இன்னொன்று, இந்தக் கருவி திரையை மட்டும்தான் சரிசெய்யும். பிரிண்டருக்கு, நீங்கள் போடும் தாளுக்கும் மைக்கும் உரிய ஐசிசி ப்ரொஃபைல் (அந்தத் தாளில் கலர் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) தனியாக வேண்டும். இரண்டையும் இதுவே பார்த்துக்கொள்ளும் என்று கடையில் என்னிடம் சொன்னது பச்சைப் பொய்.

என் பிரிண்ட் முதலில் இருட்டாக வந்ததற்குக் காரணம் திரை வெளிச்சம்தான். மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 250 நிட்டுக்கு (திரை வெளிச்சத்தின் அளவு) மேல் வைத்திருந்தேன், திரையில் பளிச்சென்று தெரிந்த படம் தாளில் இருட்டாக விழுந்தது. பிரிண்டுக்குத் திருத்தும்போது 80லிருந்து 120க்குள் இருந்தால் போதும். நண்பரின் கருவியால் 100க்கு இறக்கி, 6500 கெல்வின், காமா (நடுத்தர வெளிச்சம் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவு) 2.2 வைத்து மறுபடி திருத்திப் போட்டோம். முதல் தாளிலேயே அரக்கு அரக்காக வந்தது, அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள். பில்லில் பழையது என்று ஒரு வார்த்தை இல்லை, அது என் கையில் இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும்.