கண்ணைக் கடன் வாங்காமல் ஒரு பாட்டுப் பதிவு: என்விடிஏ, ரீப்பர், கொஞ்சம் போன்

போன வாரம் குலசேகரத்தில் இருந்து ஒரு தம்பி போன் செய்தான். பிளஸ் டூ முடித்திருக்கிறான். என்னைப் போலவே பார்வை இல்லை, கீபோர்டு நன்றாக வாசிப்பான். "அண்ணே, வீட்ல லேப்டாப் வாங்கித் தாராங்க. பாட்டு பண்ண எந்த சாப்ட்வேர் போடணும்?" என்றான். கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், அவனைப் போல இன்னும் பலர் கேட்கிறார்கள்.

நான் தக்கலைப் பக்கம். 2016-இல் இருந்து லேப்டாப்பிலும் போனிலும் பாட்டுப் பதிவு செய்கிறேன். சர்ச் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பேன். கிறிஸ்துமஸ் நெருங்கினால் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற நாலு குரல்களையும் தனித்தனியாக வாசித்துப் பதிந்து, பாடுகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் என் வேலைதான். கோவில் கொடை சீசனில் வில்லுப்பாட்டுக் குழுக்கள் தேடி வருவார்கள்.

முதல் வருடம் வீணாகத்தான் போனது. பார்வையுள்ள நண்பர்கள் எல்லாரும் ஒரே மென்பொருளைச் சொன்னார்கள், நானும் பணம் கட்டி வாங்கினேன். திறந்தால், திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் ஜன்னலின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். டேப் தட்டினாலும் அம்புக்குறி தட்டினாலும் சத்தமே இல்லை. அதன் பொத்தான்கள் எல்லாம் படமாக வரையப்பட்டவை. கண்ணுக்குப் பொத்தானாகத் தெரியும், திரைவாசிப்பானுக்கு அங்கே எதுவுமே இருக்காது. அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து மவுஸ் பிடிப்பான், நான் சொல்லச் சொல்ல அவன் கிளிக் செய்வான். எட்டரைக்கு அவன் பள்ளிக்கூடம் போய்விட்டால் என் வேலை அப்படியே நிற்கும். சாயங்காலம் அவன் வரும்வரை மனதில் இருந்த மெட்டைத் திரும்பத் திரும்ப முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் நிறைய உண்டு.

அந்த வருடத்துக்குப் பிறகு எந்த மென்பொருளையும் ஒரே கேள்வி வைத்துத்தான் பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு, வீட்டில் எல்லாரும் தூங்கும்போது, ஒரு தவறான ஸ்வரத்தை நானே கண்டுபிடித்து, நானே திருத்தி, நானே எம்பி3 ஆக்கி அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அது எனக்கான மென்பொருள். முடியாது என்றால் அதில் ஆயிரம் வசதி இருந்தாலும் அது எனக்கு ஆகாது.

விண்டோஸில் இதற்கு எனக்குக் கிடைத்த பதில் என்விடிஏ, ரீப்பர், ஓசாரா மூன்றும் சேர்ந்த கூட்டு. ரீப்பர் பல ட்ராக்குகளில் பாட்டைப் பதிந்து திருத்தும் மென்பொருள். என்விடிஏ இலவசத் திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கினார், ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். சின்ன வயதில் அவர்கள் சந்தித்துக்கொண்டதே பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஓர் இசை முகாமில்தான். அதே ஜேம்ஸ் டேதான் பின்னால் ரீப்பரைத் திரைவாசிப்பானோடு பேச வைக்கும் ஓசாரா என்ற இணைப்பை எழுதினார். அதைப் பயன்படுத்தும்போது, எழுதியவருக்கும் இசை வாசிக்கத் தெரியும் என்பது ஒவ்வொரு விசையிலும் புரிகிறது. ஜாஸ் என்ற கட்டணத் திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களும் ரீப்பரை ஓசாராவோடு ஓட்டலாம். ஆனால் உரிமம் வாங்காத ஜாஸ் 40 நிமிடம்தான் ஓடும், அப்புறம் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட வேண்டும். பதிவு நடுவில் அது சரிவராது.

ரீப்பரை 60 நாள் எந்தக் குறைப்பும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபருக்கான உரிமம் 60 டாலர். ஓசாரா இலவசம். அதை நிறுவும்போது, ஏற்கெனவே உள்ள விசை அமைப்பை மாற்றிக்கொள்ளவா என்று ஒரு கட்டம் வரும். அதை டிக் செய்ய மறக்காதீர்கள். விட்டுவிட்டால், மற்றவர்கள் சொல்லித் தரும் விசைகள் பல உங்களிடம் வேலை செய்யாது. ரீப்பருக்குக் கூடுதல் கட்டளைகள் தரும் எஸ்டபிள்யூஎஸ் என்ற இணைப்பையும் கூடவே போட்டுக்கொள்ளுங்கள்.

அது எப்படிப் பேசும் என்பதைச் சொன்னால்தான் புரியும். போன டிசம்பரில் ஒரு கீர்த்தனைக்கு நாலு குரலும் வாசித்து முடித்துக் கேட்டேன். மூன்றாவது அடியில் எங்கேயோ உறுத்தியது. மேல் அம்பு, கீழ் அம்பு தட்டினால் ட்ராக் பெயர்கள் வரும்: "சோப்ரானோ", "ஆல்ட்டோ". எஃப்6 தட்டினால் அந்த ட்ராக் மட்டும் கேட்கும். சோப்ரானோ சரி, டெனரும் சரி, ஆல்ட்டோவில்தான் பிசகு. நிறுத்திய இடத்தை ஓசாரா சொன்னது: பார் 17, பீட் 3. ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் திருத்தும் மிடி எடிட்டரைத் திறந்து வலது அம்பை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒவ்வொரு தட்டலுக்கும் அந்த ஸ்வரம் ஒலிக்கும், பெயரும் வரும். ஏ, ஜி, அடுத்தது எஃப் ஷார்ப். அதுதான். வாசிக்கும்போது விரல் கருப்புக் கட்டையில் பட்டிருக்கிறது. ஒரு அரை ஸ்வரம் இறக்கினேன், "எஃப்" என்றது. திரும்ப நாலையும் சேர்த்துக் கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். முன்பு அக்கா மகனும் நானும் அரை மணி நேரம் மல்லுக்கட்டிய வேலை அது.

எஃப்12 தட்டினால் விசை உதவி வரும். அப்புறம் எந்த விசையைத் தொட்டாலும் அது என்ன செய்யும் என்று சொல்லுமே தவிர, செய்யாது. முதல் இரண்டு வாரம் அதை வைத்துத்தான் படித்தேன். பீக் வாட்சர் என்று இன்னொன்று இருக்கிறது. ஒரு ட்ராக்கின் சத்தம் நீங்கள் வைத்த அளவைத் தாண்டினால் சொல்லிவிடும். பார்வையுள்ளவர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கில் பார்ப்பதை நாம் காதால் தெரிந்துகொள்கிறோம்.

காது என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் வேலையில் இருக்கிற பெரிய சிக்கலே அதுதான். பாட்டும் காதில்தான், திரைவாசிப்பானும் அதே காதில்தான். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒரு ஆடி மாதம் வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவரை வீட்டிலேயே பதிவு செய்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். வில்லும் உடுக்கும் குடமும் தாளமும் நடுக்கூடத்தில். கதை நாற்பது நிமிடம், அவர் நிறுத்தாமல் பாடி முடித்தார். போட்டுக் கேட்கும்போது அவரே சொன்னார்: "மக்களே, பாட்டுக்குள்ள வேற ஒரு குரல் கேக்கே." நடுவில் கரண்ட் போயிருக்கிறது. சார்ஜர் நின்றதை என்விடிஏ வழக்கம்போலச் சொல்லியிருக்கிறது, அது லேப்டாப் ஸ்பீக்கர் வழியாக வந்து மைக்கில் விழுந்திருக்கிறது. அம்மன் பிறப்பைப் பாடும் இடம் அது. அன்றைக்கு அவருக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை, அந்தப் பகுதியை மட்டும் பத்து நாள் கழித்து வந்து பாடிக் கொடுத்தார். அந்த வயதில் அவரை இரண்டாம் முறை பஸ் ஏற வைத்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதற்குப் பிறகு வழக்கத்தை மாற்றினேன். பாட்டு, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வழியாக ஒரு ஹெட்போனில் வரும். என்விடிஏ லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டு வழியாக ஒரு சின்ன இயர்போனில், இடது காதில் மட்டும் வரும். இன்னொரு நன்மையும் உண்டு. ஒலியைத் தாமதமில்லாமல் கடத்துவதற்கான ஏசியோ டிரைவர்கள் சில, சவுண்ட் கார்டை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். அதே கார்டில் என்விடிஏ இருந்தால் அதன் வாய் அடைத்துவிடும், நாம் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. இரண்டு கார்டு இருந்தால் அந்தப் பயம் இல்லை. பதிவு ஓடும்போது என்விடிஏ விசையும் (வழக்கமாக இன்செர்ட்) எஸ்-ஸும் தட்டிப் பேச்சை நிறுத்தி வைப்பேன். என்விடிஏ பேசும்போது பாட்டின் சத்தம் தானாகக் குறைகிறது என்றால் என்விடிஏ விசை, ஷிஃப்ட், டி தட்டி அதையும் நிறுத்திவிடுங்கள். சத்தத்தின் அளவைக் காதால் கணக்குப் பார்ப்பவனுக்கு அது பெரிய இடைஞ்சல்.

குரல் பற்றி ஒன்று. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழும் இருக்கிறது. பாட்டு வரிகள் படிக்க நான் தமிழ்க் குரல் வைத்திருக்கிறேன். ரீப்பரில் எல்லாப் பெயர்களும் ஆங்கிலம் என்பதால் அங்கே ஆங்கிலக் குரல், அதுவும் வேகமாக. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி அமைப்பு வைத்துக்கொள்ள என்விடிஏவிலேயே வழி இருக்கிறது, உள்ளே போனதும் தானாக மாறிக்கொள்ளும்.

பிளகின்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மென்பொருள் பேசும், ஆனால் அதற்குள் போடும் இசைக்கருவி பேசாது. ரீப்பரோடு வரும், ஒலியைச் சீராக்கும் ரீயாஈக்யூ, ரீயாகாம்ப் போன்ற பிளகின்களை ஓசாராவின் அளவுருப் பட்டியலில் திறந்து, ஒவ்வொரு எண்ணையும் அம்புக்குறியால் மாற்றலாம். சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சின்தசைசரைத் திரைவாசிப்பானையும் மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கம்ப்ளீட் கன்ட்ரோல் கீபோர்டுகளில் குமிழைத் தொட்டாலே பெயர் சொல்லும் வசதி உண்டு. விலை அதிகம்தான், சேர்த்து வைத்து வாங்கினேன், வருத்தமில்லை. மற்றபடி எந்தப் பிளகினுக்கும் இலவச டெமோ பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். டெமோவிலும் மூன்று விஷயம் பாருங்கள்: உரிம எண்ணை உங்களால் தனியாக உள்ளிட முடிகிறதா, ஒலியை மாற்றும் பட்டியல் பேசுகிறதா, மாற்றியதைச் சேமிக்க முடிகிறதா. நான் வாங்கிய ஒரு வயலின் தொகுப்பு அருமையாக ஒலித்தது. ஆனால் உரிமம் சரிபார்க்கும் சின்ன ஜன்னல் ஊமை. லேப்டாப் மாற்றியபோது மறுபடி ஆளைத் தேட வேண்டியதாயிற்று.

ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2000-இல் இருந்து இருக்கிறது, இலவசம், விசைப்பலகையிலேயே எல்லாம் ஆகும். ஓடும்போதே சதுர அடைப்புக்குறி விசைகளால் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து வெட்டலாம். பிரசங்கம், நேர்காணல் வெட்ட இதுவே போதும். பல ட்ராக் சேர்த்து இசை அமைக்க என்றால் ரீப்பர்தான்.

இசைக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு மியூஸ்ஸ்கோர். இலவசம், குறிப்புகளைப் பேசும், பிரெய்ல் இசைக் குறியீட்டையும் காட்டும். லூயி பிரெய்ல் பாரிஸில் ஆர்கன் வாசித்தவர். அவர் விட்டுப்போன முறையில் டி முதல் ஜே வரையுள்ள ஏழு எழுத்துப் புள்ளிகள்தான் சி முதல் பி வரையுள்ள ஏழு ஸ்வரங்கள். பள்ளியில் பிரெய்ல் படித்த விரலுக்கு இது சீக்கிரம் வரும். நான் தாமதமாகத்தான் தொடங்கினேன், இப்போது ஆல்ட்டோ வரியை விரலால் படித்துக்கொண்டே இன்னொரு கையால் வாசித்துப் பார்க்கிறேன்.

போன் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. இசைக்கு என்றே போன் வாங்குவதாக இருந்தால், பழையதானாலும் ஐபோன் வாங்குங்கள். இசை அமைக்கும் காராஜ்பேண்ட் செயலி இலவசம், ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரோடு நன்றாக ஒத்துப்போகும். பொதுவாகத் திரைவாசிப்பான் ஓடும்போது ஒரு முறை தொட்டால் பெயர் சொல்லும், இரண்டு முறை தட்டினால்தான் வேலை செய்யும். அப்படி ஒரு பியானோ வாசிக்க முடியுமா? காராஜ்பேண்டில் கட்டைகள் இருக்கும் பகுதியை நேரடித் தொடுதலுக்கு விட்டிருக்கிறார்கள், தொட்டதும் ஒலிக்கும். பல குரல்களை வெட்டி ஒட்ட ஃபெரைட் நல்ல செயலி. ஆண்ட்ராய்டில் அதன் திரைவாசிப்பானான டாக்பேக் வைத்துப் பதிவு செய்யலாம், வெட்டலாம், அனுப்பலாம். ஆனால் இசைக் கருவிச் செயலிகள் பலவற்றில் "பெயரிடப்படாத பொத்தான்" என்றுதான் கேட்கும். எந்தப் போனானாலும் புளூடூத் ஹெட்போன் வைத்து வாசிக்காதீர்கள். விரல் பட்ட பிறகு ஒலி தாமதமாக வந்தால் தாளம் போய்விடும்.

சாதாரணப் போனின் பதிவியும் ஒரு சமயத்தில் கைகொடுத்தது. 2017 நவம்பர் 30, ஓகி புயல். ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை, லேப்டாப் ஊமையாகக் கிடந்தது. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அந்த வருடம் நாங்கள் கேரல் ரவுண்ட்ஸ் போகவில்லை. சர்ச்சில் கூடி, மெழுகுவர்த்தி வைத்து, வாத்தியம் இல்லாமல் ஒரே ஒரு பாட்டு பாடினோம். அதை என் போனில்தான் பதிந்தேன். பிறகு ரீப்பரில் போட்டு மழை இரைச்சலைக் கொஞ்சம் குறைத்தேன். முழுதாக எடுக்க மனம் வரவில்லை. அன்று முதல் ஒவ்வொரு வேலையையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, பென்டிரைவில் இன்னொரு பிரதியும் எடுத்து வைக்கிறேன்.

குலசேகரத்துத் தம்பிக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. மிஸ்ர சாப்பு தாளத்துக்கு மெட்ரோனோம் வருமா என்று கேட்டான். வரும். தாள அளவை 7/8 என்று வைத்தால் ஏழு எண்ணி மறுபடி முதலில் இருந்து தட்டும். மூன்றும் நாலுமாகப் பிரித்துத் தட்ட வைப்பதை நேரில் காட்டித் தருகிறேன் என்று சொன்னேன். சனிக்கிழமை வருகிறான். லேப்டாப்போடு ஒயர் உள்ள இயர்போன் இரண்டு கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.