ரெண்டு ஸ்ரைக் விழுந்தாச்சு, இனி எந்தப் பந்து?

முதலே ஒண்டைச் சொல்லிப்போட்டுத் துவங்கிறன், இது சொஃப்ட்போல் பற்றினது, மென்பந்து கிரிக்கெட் இல்லை. வன்னியில சொஃப்ட்போல் எண்டால் பாதிப்பேருக்கு ரெனிஸ் பந்தில விளையாடுற கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். எங்கட பிள்ளை ஒருத்தியின்ர அப்பா, மகள் ரீமில சேந்திட்டாள் எண்ட புளுகத்தில கிளிநொச்சி ரவுணுக்குப் போய் மூண்டு ரெனிஸ் பந்து வேண்டிக்கொண்டு வந்து நிண்டவர், பாவம். இந்தப் பந்து 12 இஞ்சி சுற்றளவு, 178 கிராமுக்குக் குறையாது, கிரிக்கெட் லெதர் பந்தை விடப் பாரம். பேரிலதான் சொஃப்ட், முழங்கையில பட்டால் தெரியும்.

சரி விசயத்துக்கு வருவம். ஸ்ரைக் எண்டால் மட்டைக்காரி மட்டையை வீசித் தவறவிட்டது, இல்லாட்டி அடிக்கக்கூடிய இடத்தில வந்தும் வீசாமல் விட்டது. போல் எண்டால் வெளியால போற பந்தை அவள் வீசாமல் விட்டது. மட்டைக்காரிக்கு ரெண்டு ஸ்ரைக் விழுந்திட்டுது, போல் ஒண்டுமில்லை இல்லாட்டி ஒண்டுதான் (நான் போலை முதல் சொல்லி ஸ்ரைக்கை பிறகு சொல்லுறன், சைபர்-ரெண்டு, ஒண்டு-ரெண்டு எண்டு). இன்னும் ஒரு ஸ்ரைக் விழுந்தால் அவள் அவுட். பந்து போடுற பிட்ச்சருக்கு நாலாவது போல் விழுந்தால்தான் வோக், மட்டைக்காரி அடிக்காமலே முதலாம் பேஸுக்குப் போவாள், அப்ப சைபர்-ரெண்டில மூண்டு போல் விட்டாலும் தப்பலாம். கையில காசு புழங்கிற மாதிரி ஒரு நிலைமை. ஆனா கையில காசு புழங்கேக்கதானே எங்கட சனம் தேவையில்லாத சாமானெல்லாம் வேண்டுறது, பிட்ச்சரும் அப்பிடித்தான். நான் படிக்கிற காலத்தில மட்டைக்காரிக்குப் பின்னால பந்து பிடிக்கிற கச்சரா குந்தியிருந்தனான், இப்ப பின்னேரத்தில பிள்ளையளுக்குப் பழக்கிறன், குந்தியிருந்தும் பாத்து வாங்கில இருந்தும் பாத்துத்தான் எழுதுறன்.

ஆக்கள் முதல் சொல்லுறது வேஸ்ட் பண்ணு எண்டு. சைபர்-ரெண்டு வந்த உடன ஒரு பந்தை வெளியால தூக்கிப் போடுறது, அவள் ஆசைப்பட்டு வீசினால் லாபம், வீசாட்டியும் நட்டமில்லை எண்டு கணக்கு. எனக்கு இந்தக் கணக்கு பிடிபடுறேல்லை. மட்டைக்காரிக்கு முன்னால கிடக்கிற பிளேட்டில இருந்து ரெண்டு அடி தள்ளிப் போற பந்துக்கு எவள் வீசுவாள்? அவளுக்கு ஒரு மூச்சு விட நேரம், ஒருக்கா மட்டையைத் தட்டி நிண்டு யோசிக்க நேரம், அதோட பிட்ச்சரின்ர கை எங்க விடுது எண்டு பாக்கிறதுக்கு ஒரு ஓசிப் பந்து. அதைவிட மோசம், எங்கட பிள்ளையளுக்கு அந்த ஒரு வேஸ்ட் பந்தோட கை இளகிப்போய் அடுத்ததும் வெளியால போகும், பிறகு மூண்டு-ரெண்டு, பிறகு வோக். எத்தினை தரம் பாத்தாச்சு. வெளியால போடுறதெண்டால் பிளேட்டின்ர ஓரத்தை விட்டு ஒரு பந்தகலம், அவ்வளவுதான், அவளுக்கு அது ஸ்ரைக்கோ எண்டு வயித்தைக் கலக்கோணும். அதை நான் வேஸ்ட் எண்டு சொல்லமாட்டன், அது தூண்டில்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம், நேர போட்டு முடிச்சுவிடு எண்ட கட்சி. நானும் முக்காவாசி இந்தக் கட்சிதான், ஆனா நடுவால இல்லை. சின்னப் பிள்ளையளின்ர மட்ச்சில எட்டாவது ஒன்பதாவதா அடிக்க வாறவளுக்கு சைபர்-ரெண்டில யோசிக்கவே தேவையில்லை, வேகமான பந்தை வெளி ஓரத்தில முழங்கால் உயரத்துக்குப் போட்டால் காணும். பிட்ச்சருக்கும் பிளேட்டுக்கும் இடையில பெண்களுக்கு 43 அடிதான், அதிலயும் பிட்ச்சர் முன்னுக்குப் பாய்ஞ்சுதான் விடுறாள், 80 கிலோமீற்றர் வேகத்தில போட்டால் அரைச் செக்கனில மட்டைக்கு வந்திடும். நல்ல மட்டைக்காரி வந்து நிக்கேக்க ஓரத்தில போடப்போய் நடுவில விழுந்தால்தான் ஆபத்து, சைபர்-ரெண்டில நடுவால போட்டு அடி வாங்கினா வாங்கில இருக்கிற எல்லாரும் பிட்ச்சரைத்தான் பாப்பினம், அந்தப் பயத்திலதான் கனபேர் வேஸ்ட் கட்சிக்குப் போறது எண்டு நினைக்கிறன். இன்னொண்டு, அம்பயர்மார். ரெண்டு ஸ்ரைக் இருக்கேக்க ஓரத்துப் பந்துக்கு அவையின்ர கை லேசில எழும்பாது, முதலாவது பந்தில குடுத்த அதே இடத்தைக் குடுக்காயினம். ஆக்களை அவுட் ஆக்க அவைக்கும் மனம் வரேல்லையோ தெரியாது. ஆனபடியா அம்பயரை நம்பிப் போடுற பந்தை விட அவளை வீச வைக்கிற பந்துதான் நல்லம்.

வீச வைக்கிற பந்தெண்டால் மட்டைக்குக் கிட்ட வந்து விழுற ட்ரொப்போ உயரப் பந்தோ எண்டு வரும். ரைஸ் எண்டு எங்கட பக்கத்தில சொல்லுறது முக்காவாசி ரைஸே இல்லை, வேகமான பந்தை உயரத்தில போடுறது, அவ்வளவுதான். உண்மையான ரைஸும் மேல ஏறாது, பின்பக்கமாச் சுழல்றதால நாங்கள் நினைக்கிற அளவுக்குக் கீழ விழாது, கண்ணுக்கு ஏறின மாதிரித் தெரியும். அந்தச் சுழற்சி வர வருசக்கணக்கில போடோணும். சும்மா உயரப் பந்தை சைபர்-ரெண்டில போடுறது எங்கட இடத்தில ஏன் வேலைசெய்யாது எண்டால், வாறதில அரைவாசிப் பிள்ளையள் எல்லே (பொல்லால பந்தை அடிச்சு ஓடுற எங்கட நாட்டு விளையாட்டு) அடிச்சுப் பழகினவை. நெஞ்சுக்கு நேர வாற பந்தைக் கண்டால் அவைக்குக் கொண்டாட்டம், பந்து எங்கயோ போய் விழும். ஆனா அதே எல்லேதான் எங்களுக்கு உதவியும் செய்யுது. எல்லேயில அடிக்கிறதுக்கு மூண்டு சான்ஸ்தான், மூண்டாவதை சும்மா விட்டிட்டு நிக்கேலாது, அந்தப் பழக்கம் உடம்பில ஊறிப்போய் ரெண்டு ஸ்ரைக் விழுந்தால் அடுத்ததுக்கு எப்பிடியும் வீசுவினம். முழங்காலில துவங்கி கீழ இறங்கிற ட்ரொப் இவைக்கெண்டே செய்த பந்து. கச்சான் காத்து பிட்ச்சரின்ர முகத்துக்கு அடிக்கிற நாளில இன்னும் கூட விழும், முதுகுப்பக்கத்தால அடிச்சால் விழுறது குறையும், அதால நான் மட்ச்சுக்கு முதல் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுப் பாக்கிறனான்.

அப்ப ட்ரொப்தானே விடை எண்டு கேப்பியள். அங்கதான் கச்சர் வாறாள். மூண்டாவது ஸ்ரைக்கை கச்சர் நிலத்தில படமுதல் பிடிக்கோணும், பிடிக்காட்டி, முதலாம் பேஸில ஆள் இல்லையெண்டால் அல்லது ரெண்டு அவுட் ஆகியிருந்தால், வீசிப் பிழைவிட்டவள் ஓடலாம். நல்ல ட்ரொப் எண்டால் பாதி நேரம் பிளேட்டடியிலயே குத்தும். வெளிநாட்டு வீடியோவில பாக்கிற மைதானத்தில மண் மாவு மாதிரி, பந்து குத்தினால் ஒரே அளவில எழும்பும். எங்கட கிரவுண்ட் கிரவல், ஒரு கல்லில பட்டால் கச்சரின்ர தோளுக்கு மேலால போகும், இன்னொரு கல்லில பட்டால் எழும்பாமலே காலுக்குள்ளால போகும். பின்னால நெட்டும் இல்லாத கிரவுண்ட் எண்டால் பந்து பத்தைக்குள்ள, கச்சர் ஹெல்மெட்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டு நாயுண்ணிப் பத்தைக்குள்ள கையை விட்டுத் தேட, அவள் இரண்டாம் பேஸில நிண்டு சப்பாத்து நூல் கட்டுறாள். ஸ்ரைக் அவுட் எடுத்தும் ஆள் பேஸில. மூண்டாம் பேஸில ஆள் நிண்டால் ஒரு ஓட்டமும் போச்சு. அதால மூண்டாம் பேஸில ஆள் நிக்கேக்க, கச்சர் புதுப்பிள்ளை எண்டால், நான் ட்ரொப் கேக்கமாட்டன், வெளி ஓரத்து வேகப் பந்துதான். பிட்ச்சர் கோவிப்பாள், கோவிக்கட்டும்.

சேஞ்ச் எண்டு சொல்லுற மெதுவான பந்தைப் பற்றி எழுதத்தான் உண்மையில இவ்வளவும் துவங்கினது. அதே கைவீச்சு, அதே பாய்ச்சல், ஆனா பந்து மெல்ல வரும். 80இல வாற பந்துக்கு நேரம் பிடிச்சு வைச்சிருக்கிறவளுக்கு 60இல ஒண்டு வந்தால் செக்கனில ஆறில ஒரு பங்கு பிந்தி வரும், அவள் வீசி முடிச்சிட்டாள், பந்து இன்னும் வந்துகொண்டிருக்கும். பாக்க அவ்வளவு வடிவு. அந்த வடிவில மயங்கித்தான் நான் போன வருசம் ஒரு மட்ச்சைக் குடுத்தனான்.

ரெண்டு அவுட், ரெண்டு பேர் பேஸில. வலக்கைக்காரி ஒருத்தி, மெலிஞ்ச பிள்ளை, எங்கட வேகப் பந்தை முதலாவதா வலப்பக்கத்தால, கோட்டுக்கு வெளியால, ஃபவுல் அடிச்சாள், முதலாம் பேஸுக்கு அங்கால பனையடியில போய் விழுந்துது. ரெண்டாவதும் அதே பனை. சைபர்-ரெண்டு. நான் வாங்கிலில இருந்து சேஞ்சுக்கு சைகை காட்டினன். கச்சர் திரும்பிப் பாத்து, "அக்கா, சேஞ்சோ?" எண்டு வாயசைச்சவள், நான் தலையை ஆட்டினன். பந்து நல்லாத்தான் வந்துது, நல்ல இடத்திலதான் வந்துது. அவள் அதை இடப்பக்க ஃபீல்டரின்ர தலைக்கு மேலால அடிச்சாள், குளக்கட்டுப் பக்கம் உருண்டு போய்க்கொண்டே இருந்துது, ரெண்டு ஓட்டம். முடிஞ்சாப்பிறகு கச்சர் தண்ணிப் போத்திலோட வந்து பக்கத்தில இருந்து, "அவவுக்கு எங்கட வேகம் எட்டேல்லைத்தானே அக்கா, நாங்களேன் மெல்லப் போட்டனாங்கள்?" எண்டு கேட்டாள். பதினாறு வயசு. நான் என்னத்தைச் சொல்லுறது.

அந்தப் பனைதான் விடையைச் சொல்லிக்கொண்டு நிண்டது. வலக்கைக்காரி வலப்பக்கத்தால ஃபவுல் அடிச்சால் பிந்திப்போனாள் எண்டு அர்த்தம், அவளுக்கு அந்த வேகத்தையே திருப்பிப் போடோணும், மெல்லப் போட்டால் பிந்தினவளுக்கு நாங்களே நேரம் குடுக்கிறம். இடப்பக்கத்தால இழுத்து அடிச்சால் முந்திப்போனாள், அவளுக்குத்தான் சேஞ்ச். கச்சரின்ர தலைக்கு மேலால நேர பின்னுக்குப் போனால் நேரம் சரியாப் பிடிச்சிட்டாள், ஒரு அங்குலம்தான் பிழை, அவளுக்கு அதே பந்தை அதே இடத்தில போட்டால் அழிவு, உயரத்தை மாத்தோணும் இல்லாட்டி வேகத்தை மாத்தோணும். இடக்கைக்காரியளுக்கு வலம் இடம் மாறிவரும்.

உள்பக்கத்தால நெஞ்சுக்குக் கிட்டப் போடுற பந்தைப் பற்றியும் கேக்கிறவை. பிளேட்டில ஏறி நிக்கிறவளுக்கு சரி, ஆனா சைபர்-ரெண்டில அவளின்ர கையில பட்டால் சும்மா ஒரு பேஸ் குடுத்த மாதிரி, கை கட்டுப்பாடு இல்லாத பிட்ச்சருக்கு வேண்டாம். ஓடிக்கொண்டே தட்டுற இடக்கைக்காரியளுக்கு சேஞ்ச் நல்லம், கால் ஓடிப்போயிடும், மட்டை பிறகு வரும். ரெண்டு ஸ்ரைக்கில பண்ட் (வீசாமல் மட்டையை நீட்டித் தட்டுறது) வைக்கப்போய் ஃபவுல் ஆனால் அது அவுட், அதை எங்கட பிள்ளையள் கனபேர் இன்னும் மறக்கினம்.

ஒண்டு-ரெண்டு எண்டாலும் மேல சொன்னதுதான், தூண்டில் போட இன்னும் இடமிருக்கு. ரெண்டு-ரெண்டு எண்டால் இனி விளையாட்டில்லை, அதில ஒரு போல் விட்டால் மூண்டு-ரெண்டு, அப்ப பிட்ச்சருக்கு எந்தப் பந்தில நம்பிக்கை இருக்கோ அதுதான், சேஞ்ச் நல்லா வாற பிள்ளையெண்டால் சேஞ்சே போடட்டும். பந்துக்கணக்கையும் பாக்கோணும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில யப்பானின்ர யுகிகோ உவேனோ ரெண்டு நாளில 413 பந்து போட்டு, கடைசி மட்ச்சில அமெரிக்காவை 3-1 எண்டு வெண்டவ, பிறகு 39 வயசில ரோக்கியோவிலயும் இன்னொரு தங்கம். அது உவேனோ. எங்கட பிட்ச்சர் காலமை கஞ்சியைக் குடிச்சுப்போட்டு முல்லைத்தீவில இருந்து பஸ்ஸில வந்து ஒரே நாளில மூண்டு மட்ச் போடுற பிள்ளை, ஆளுக்கு ரெண்டு வேஸ்ட் பந்து எண்டால் மூண்டாவது மட்ச்சில கை தூக்கேலாது.

இப்ப பயிற்சியில கச்சருக்கு ஒவ்வொரு நாளும் 30 பந்து நிலத்தில குத்திப் போடுறன், பிடிக்கத் தேவையில்லை, நெஞ்சில வாங்கி முன்னுக்கு விழுத்தினால் காணும். கிரவலிலதான், மணல் போட்டுத் தரச் சொல்லி அவள் கேட்டவள், நான் மாட்டன் எண்டிட்டன். ஃபவுல் எந்தப் பக்கம் போச்சு எண்டு பாத்து சைகை போடுறதும் இப்ப அவளின்ர வேலைதான், நான் வாங்கிலில வாயை மூடிக்கொண்டு இருக்கிறன், அதுக்குத்தான் எனக்குக் கூடப் பயிற்சி தேவைப்படுது.