சிலிக்கோன் மார்பு வாங்கப் போகிறவர்களுக்கு: அளவும் எடையும், சில வருடப் பாவனையில்

புற்றுநோயால் இடது மார்பை ஒப்பரேஷனில் எடுத்த பிறகு, சில வருடங்களாகப் பிறாவுக்குள் வைக்கும் செயற்கை மார்பு பாவித்து வருகிறேன். தொடக்கத்தில் பஞ்சு, அடுத்து முழு எடைச் சிலிக்கோன், இப்போது எடை குறைத்த சிலிக்கோன். வீடு மட்டக்களப்பில் கல்லடியில், வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம் டவுனில். காலையில் போட்டால் பின்னேரம் வீடு வந்துதான் கழற்றுவேன். பஸ், வெயில், சாரி, கோயில், கலியாண வீடு எல்லாவற்றிலும் இது என்னோடு வருகிறது.

கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருக்கும் பெண்கள் காதோடு காதாகக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "எந்த சைஸ் எடுக்கிற?" விலையைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே வைக்கும் இம்பிளான்ட் பற்றி. எனக்கும் டொக்டர் அந்த வழியைச் சொன்னார். ஆனால் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை முடித்த நெஞ்சு என்னுடையது. கதிர் பட்ட இடத்தில் இம்பிளான்டைச் சுற்றி உடம்பு கட்டும் தழும்புச் சவ்வு இறுகிக் கல்லாகிப் போகும் வாய்ப்பு கூட. சொந்தத் தசையையும் கொழுப்பையும் எடுத்து மார்பு அமைக்கும் ஒப்பரேஷனுக்கு என் மனமும் உடம்பும் தயாராக இல்லை. அதனால் வெளியில் வைப்பதையே எடுத்தேன். ஆனாலும் அந்தப் பேச்சில் டொக்டர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்றுவரை உதவுகிறது. இம்பிளான்ட் வைக்கும் டொக்டர்மார் பிறாவின் கப் எழுத்தைப் பார்த்து அளவு தீர்மானிப்பதில்லை. மார்பின் அடி அகலத்தை அளக்கிறார்கள். வைக்கும் பொருள் அந்த அகலத்துக்குள் அடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எத்தனை சீசீ (ஒரு சீசீ என்பது ஒரு மில்லிலீட்டர்), எவ்வளவு முன்தள்ளல் என்ற பேச்சு. ஒரு சீசீ சிலிக்கோன் ஜெல் ஏறக்குறைய ஒரு கிராம். 300 சீசீ என்றால் ஒரு பக்கத்துக்கு 300 கிராம், குளிக்கும்போதும் படுக்கும்போதும் கூடவே இருக்கும் சுமை. மார்பைப் பெருப்பிக்க நினைக்கும் இளம் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன்: படத்தைக் காட்டி அளவு கேட்க வேண்டாம், உங்கள் நெஞ்சின் அகலத்துக்கு எது அடங்கும் என்று முதலில் கேளுங்கள். இம்பிளான்ட் ஆயுளுக்கும் நிற்கும் பொருளும் இல்லை, ஒருநாள் மாற்றவோ எடுக்கவோ வேண்டிவரும். 2019 இல் அலர்கன் கம்பனியின் சொரசொரப்பு மேற்பரப்பு இம்பிளான்ட் வகை ஒன்றை, அரிய நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றோடு இருந்த தொடர்பு காரணமாக, உலகம் முழுவதும் திருப்பி எடுத்தார்கள். மேற்பரப்பு எந்த வகை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

வெளியில் வைக்கும் மார்புக்கும் அதே ஒழுங்குதான்: அகலம், பிறகு பருமன், பிறகு எடை. கப் எழுத்து கடைசி.

ஒப்பரேஷன் முடிந்து வந்ததும் கிடைப்பது பஞ்சு அடைத்த துணிப் பை. எனக்கு அதை ஒரு அக்கா தைத்துத் தந்தார், அவரும் என்னைப் போன்றவர்தான். தையல் காயத்துக்கு அதைவிட இதமானது எதுவுமில்லை. காயம் ஆறும் மட்டும், ஆறு முதல் எட்டுக் கிழமை வரை, அதுதான் சரி. கதிர் பிடித்தவர்கள் தோல் முழுதாக ஆறும்வரை இன்னும் பொறுக்க வேண்டும். பஞ்சின் ஒரே குறை, அதற்குக் கனம் இல்லை. கை தூக்க, கதிரையில் இருந்து எழும்ப, அது மேலே ஏறிவிடும். பத்து மணிக்கே காறை எலும்புக்குக் கீழே வந்து நிற்கும். கீழ்ப் பக்கம் சிறு பையில் பாரமான விதையைப் போட்டுத் தைத்தால் கொஞ்சம் நிற்கிறது.

அதற்குப் பிறகு கனடாவில் இருக்கும் மச்சாள் சிலிக்கோன் ஒன்று அனுப்பினாள். அன்போடு அனுப்பியது, நல்ல சாமான். நோய்க்கு முன் நான் போட்ட 36 சி அளவைக் கடைக்காரரிடம் சொல்லி எடுத்திருக்கிறாள். கீமோ முடியும்போது என் உடம்பு இளைத்துப் போயிருந்தது. மிச்சமிருந்த வலது மார்பும் பழைய அளவில் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் நிமிர்ந்து நிரம்பி நிற்கும், வலது பக்கம் அதற்குக் கீழே சாய்ந்திருக்கும். சாரிக்குள் தெரியாது, எல்லாரும் "வடிவா இருக்கு" என்றுதான் சொன்னார்கள். தோள்தான் உண்மையைச் சொன்னது. பிறாப் பட்டி தோளில் பள்ளம் போட்டிருந்ததைக் கண்டு பிசியோ மிஸ்தான், "இது உங்களுக்குப் பாரம், குறையுங்கோ" என்றார். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்தில் பட்டி அழுத்தினால், கை வீங்கும் பிரச்சினை உள்ளவர்களுக்கு நல்லதில்லை என்று அவர்தான் விளங்கப்படுத்தினார்.

ஆகவே அளக்க வேண்டியது இப்போது இருக்கும் மார்பை. நோய்க்கு முன்னிருந்த மார்பை இல்லை, கலியாண அல்பத்தில் இருக்கும் மார்பையும் இல்லை.

ஒரு பக்கம் மட்டும் எடுத்தவர்கள் சுற்றளவு நாடாவை நெஞ்சைச் சுற்றி ஓட்டினால் பிழையான கணக்கு வரும். நெஞ்செலும்பின் நடுவில் நாடாவை வைத்து, இருக்கும் மார்பின் உயர்ந்த இடத்துக்கு மேலாக, முதுகெலும்பின் நடுவரை அளந்து, அதை இரட்டிப்பாக்க வேண்டும். மார்புக்குக் கீழ்ச் சுற்றளவு வழமை போல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் கப் வருகிறது. இன்னொன்று: 34 சி, 36 பி, 38 ஏ மூன்றின் கப்பும் ஏறக்குறைய ஒரே பருமன். அதனால்தான் செயற்கை மார்பின் பெட்டியில் கம்பனிகள் தங்கள் சொந்த இலக்கம் ஒன்றைப் போட்டு, அது எந்தெந்தப் பிறா அளவுக்குப் பொருந்தும் என்று அட்டவணை தருகின்றன. ஒரு கம்பனியின் இலக்கத்தை மற்றக் கம்பனியிடம் கேட்டு வாங்க முடியாது.

எடைக்கு என் அக்கா சொன்ன வழி அருமையானது. அவள் வீட்டில் கேக் அடிப்பவள், எல்லாவற்றையும் கிராமில்தான் பார்ப்பாள். ஒரு மார்பு மட்டும் இறங்கக்கூடிய வாயுள்ள ஆழமான கோப்பையைப் பெரிய தட்டத்தில் வைத்தாள். விளிம்பு தளும்பத் தளும்ப இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பினாள். கதவைப் பூட்டிவிட்டு, "குனிகா, இன்னும் கொஞ்சம் குனி, நெஞ்சு விளிம்பில முட்டட்டும்" என்று முதுகைப் பிடித்துக்கொண்டாள். தட்டத்தில் வழிந்த தண்ணீரை அளவுச் சாடியில் ஊற்றினோம். 420 மில்லிலீட்டர். மறுகா மச்சாள் அனுப்பியதைத் தராசில் வைத்தாள். 560 கிராம். உடம்பின் தசையும் கொழுப்பும் தண்ணீரின் எடைக்குக் கிட்டத்தான் வரும், அதனால் இந்த இரண்டு இலக்கத்தையும் நேராக ஒப்பிடலாம். ஒரு பக்கம் 140 கிராம் கூடச் சுமந்திருக்கிறேன், விடிய முதல் பொழுதுபட வரை. தோள் நோவுக்குக் காரணம் தராசில் தெரிந்தது.

அப்படியென்றால் 420 கிராமில் ஒன்று எடுத்தால் சரியா? என் அனுபவத்தில் அதற்கும் குறைவுதான் நல்லது. சொந்த மார்பை உடம்பே தாங்குகிறது, இதை முழுக்க முழுக்கப் பிறாதான் தாங்குகிறது. சம எடையாக இருந்தாலும் கூடுதலாகத் தோன்றும். மிகவும் குறைத்தால் பஞ்சைப் போல மேலே ஏறி, பிறாவும் ஒரு பக்கம் தூக்கும். எடை குறைத்த சிலிக்கோன் என்று ஒரு வகை வருகிறது: அதே பருமன், ஆனால் வழமையான சிலிக்கோனைவிட கால்வாசி வரை, சிலதில் அதற்கும் மேலாக எடை குறைவு. எங்கள் வெக்கைக்கும் பஸ் பிரயாணத்துக்கும் அதுதான் பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சின்னதை எடுங்கள். சின்னதின் குறையை மெல்லிய துணி மடித்து வைத்தும் சரி செய்யலாம், பெரியதை வெட்டிச் சின்னதாக்க முடியாது.

வடிவத்தையும் பார்க்க வேண்டும். முக்கோணம், கண்ணீர்த் துளி இரண்டையும் எந்தப் பக்கத்துக்கும் வைக்கலாம். அக்குள் பக்கம் நீண்டு போகும் வகை இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு. அக்குள் பக்கம்வரை குழி விழுந்தவர்களுக்கு அதுதான் நிரப்பும். இப்படி இடம் வலம் பிரித்து, பிறா அளவுக்கேற்ற இலக்கத்தில் செய்வதற்காகப் போராடியவர்களில் ஒருவர், பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹாண்ட்லர். 1970 இல் அவருக்கு மார்புப் புற்றுநோயில் ஒரு மார்பை எடுத்தார்கள். கடையில் கிடைத்தது எதுவும் பொருந்தாமல் போகவே, தானே ஒரு கம்பனி தொடங்கிச் செய்தார். அந்த அம்மாவை நான் மனதார நன்றியோடு நினைப்பேன்.

கொழும்பில் மருத்துவ உபகரணக் கடைக்குப் போனால் பெட்டியைத் தந்து அனுப்பப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள், போட்டுப் பார்க்க இடம் கேளுங்கள். உங்கள் சொந்தப் பிறாவையும் ஒட்டிய மெல்லிய சட்டை ஒன்றையும் கொண்டு போங்கள். விளிம்பு நெஞ்சோடு படிந்து இருக்கிறதா, மேல் ஓரம் எழும்பி நிற்கிறதா, அக்குளில் முட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு கையையும் தூக்குங்கள். முற்றம் கூட்டுவது போலக் குனியுங்கள், அப்போது முன்னால் தொங்கி நெஞ்சுக்கும் அதற்கும் இடையில் வெளி விழுந்தால் பிறாவின் கீழ்ப்பட்டி தளர்வு அல்லது மார்பு பெரிது. பக்கவாட்டில் நின்று கூடப் போனவரிடம் கேளுங்கள். நேரே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

பிறாவில் பை தைக்க வெளிநாட்டுப் பிறா தேவையில்லை. ஆரையம்பதியில் எனக்குச் சட்டை தைக்கும் அக்கா பழைய மெல்லிய பருத்தித் துணியில் உள்பை தைத்துத் தருகிறார், மேல் ஓரம் திறந்து இருக்கும். தோள்பட்டி அகலம், கம்பி வைக்காதது, பக்கப்பட்டி உயரமானது, இவ்வளவும் இருந்தால் போதும். சாரிச் சட்டைக்கு அளவெடுக்கும்போது அவரே சொன்னார்: "இது ரெண்டும் ஒரு மாதிரி விழாதுகா, ரெண்டு பக்கத்துக்கும் டாட்டை வேற வேறயா வெச்சாத்தான் இழுக்காது." டாட் என்பது மார்புப் பக்கம் துணியை மடித்துப் பிடிக்கும் தையல். அதற்குப் பிறகுதான் என் சட்டைகள் முன்பக்கம் சுருக்கமில்லாமல் விழுகின்றன. தையல்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது, அவர்கள் துணியின் கண்ணாலே பார்க்கிறார்கள்.

பராமரிப்பில் இரண்டு எதிரி: வேர்வையும் சாரிப் பின்னும். சிலிக்கோன் காற்றை விடாது, அடியில் வேர்வை தேங்கித் தோல் சிவந்து கடிக்கும். மத்தியானம் வேலையிடத்தில் ஒருதரம் கழற்றி நெஞ்சைத் துடைத்துக்கொண்டு போட்டால் பெரிய வித்தியாசம். பின்னேரம் மென்மையான சவர்க்காரத்தில் கழுவி, துவாயால் ஒற்றி, அது வந்த பெட்டியின் குழிக்குள்ளேயே வைக்க வேண்டும், அலுமாரியில் குப்புற வைத்தால் வடிவம் கெடும். சாரி குத்தும் பின்னை அந்தப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம், தோளில் மட்டும் குத்துங்கள். ஒரு சிறு துளை போதும், ஜெல் பிசுபிசுத்து வெளியே வரத் தொடங்கும். அவசரத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டி ஓரிரு நாள் சமாளிக்கலாம், பிறகு மாற்றத்தான் வேண்டும்.

மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு ஆடி அமாவாசையில் இறங்குவதற்குப் பஞ்சு வேண்டாம், தண்ணீர் குடித்துப் பாரமாகி இடுப்புக்கு வந்துவிடும். சிலிக்கோன் தண்ணீருக்குத் தாங்கும். பாசிக்குடாவில் கடலிலும் போட்டிருக்கிறேன். உப்புத் தண்ணீரோ குளோரின் தண்ணீரோ பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். ஈரச் சாரி ஒட்டும்போது உள்பை உள்ள பிறா என்றால் அசையாது, பயப்படாமல் மூழ்கலாம்.

ஒரு சிலிக்கோன் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்தான் நன்றாக உழைக்கும். அதற்குள் உடம்பும் மாறும். புற்றுநோய் திரும்பாமல் இருக்க ஹோர்மோன் குளிசை தொடர்ந்து எடுப்பவர்களில் பலருக்கு எடை ஏறுகிறது, எனக்கும் ஏறியது, வலது மார்பும் கூடவே வளர்ந்தது. அதனால் புதியது வாங்கும் ஒவ்வொரு முறையும் கோப்பையும் தண்ணீரும் திரும்ப எடுப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. பழைய இலக்கத்தைச் சொல்லி ஆளிடம் காசு கொடுத்து அனுப்பாதீர்கள்.

இதைப் போடாமலே இருக்கும் பெண்களும் எங்களில் இருக்கிறார்கள். என் பெரியம்மா ஒரு நாளும் எதையும் வைத்ததில்லை, சாரித் தலைப்பை அந்தப் பக்கம் போட்டுக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் நிமிர்ந்து போய் வந்தார். வீட்டில் நானும் கழற்றிவிட்டுத்தான் இருக்கிறேன். போடுவது என்று முடிவெடுத்தால், சுமையாக இல்லாத ஒன்றைப் போட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இப்போது வைத்திருப்பதன் விளிம்பு மெலிந்து சுருங்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்ததும் எடை குறைத்த வகையில்தான், அக்குள் பக்கம் நீளும் இடப்பக்க வடிவத்தில் எடுக்கப் போகிறேன். மச்சாள் அனுப்பிய பெரியதை, அளந்து பார்த்து, களுவாஞ்சிக்குடியில் இருக்கும் ஒரு தங்கச்சிக்குக் கொடுத்தேன். அகன்ற நெஞ்சு அவளுக்கு, குனிந்தாலும் விளிம்பு எழும்பவில்லை.