ராத்திரி 10 மணி பேக்கப்போட ஆயுசு 1 மணி நேரம் – வீட்டுக்கு வந்து சிஸ்டம் செட் பண்றவங்ககிட்ட உஷாரா இருங்க

எங்களுக்கு திருப்பூர்ல சின்னதா ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுங்க, கீழ மெஷின் ஓடும் மேல வீடு. என் சிஸ்டத்துல டேலி, பில்லு, டிசி (சரக்கு கூட அனுப்பற டெலிவரி சலான்) எல்லாம் இருந்துச்சு, அது போக பாப்பாவோட மொட்டை, காதுகுத்து போட்டோ. போன ஆடியில வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு சிஸ்டம் வாங்கினோம். செட் பண்ண வந்த பையன் "உங்க டிஸ்க்கையே குளோன் அடிச்சு, அதாவது அச்சு அசலா நகல் எடுத்து, விட்டுர்றேனுங்ணா, சாஃப்ட்வேர் எல்லாம் அப்படியே வந்துரும்"னான், நானும் வேலை சுளுவா முடியுதேன்னு தலையாட்டிட்டேன். அப்படியே நெட்வொர்க்ல மாட்ற ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டி, பேக்கப்புக்கு ஒரு காசு கட்டுற சாஃப்ட்வேர், வருஷ சர்வீஸ்னு சேர்த்து 14,500 ரூபா பில்லு.

ரெண்டே நாள்ல என் சிஸ்டத்துல எரர், 42316ன்னு முடியற நம்பர், வேற ஒரு ஷேடோ காப்பி (பேக்கப்புக்காக விண்டோஸ் அந்த நேரத்து டிஸ்க்கைப் பிடிச்சு வெக்கிற நகல்) ஓடிட்டிருக்கு கொஞ்சம் பொறுத்து ட்ரை பண்ணுன்னு இங்கிலீஷ்ல தெளிவாவே போட்டிருந்துச்சு. போன் பண்ணி கேட்டா ரௌட்டர் ஸ்பீடு பத்தலைங்ணான்னான். 2,800 குடுத்து ரௌட்டர் மாத்தினேன், எரர் மாறல. மறுபடி வந்தான், 10 நிமிஷம் என்னமோ தட்டினான், அதுக்கப்புறம் எரர் வரவே இல்ல. சரியாயிருச்சுன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பினேன் பாருங்க, அதை நெனச்சாத்தான் இப்பவும் வயிறு எரியுது.

தீபாவளிக்கு முந்தின வாரம், சரக்கு அனுப்பற நேரம், என் டிஸ்க் போச்சு. புது டிஸ்க் போட்டு, பெட்டியில இருந்த இமேஜை (விண்டோஸே தினமும் எடுத்து வெச்ச முழு சிஸ்டத்தோட நகல்) ரீஸ்டோர் பண்ணி ஆன் பண்ணா டெஸ்க்டாப்புல சமையல் வீடியோவும் சீட்டுக் கணக்கும் நிக்குது. அது என் சிஸ்டமே இல்ல, வீட்டுக்காரம்மாவோடது!

பையனைக் கூப்பிட்டா "வைரஸ்ங்ணா". பெங்களூர்ல இருக்கற மச்சினன்தான் எனிடெஸ்க்ல (தூரத்துல இருந்தே சிஸ்டத்தை இயக்கற சாஃப்ட்வேர்) உக்காந்து நோண்டினான். குளோன் அடிச்சவன் ரெண்டாவது சிஸ்டத்துக்கு பேரை மாத்தவே இல்ல, ரெண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர் நேம். விண்டோஸோட இமேஜ் பேக்கப் நெட்வொர்க் ஃபோல்டர்ல கம்ப்யூட்டர் பேர்லதான் ஃபோல்டர் போடும், அதுலயும் கடைசி இமேஜ் ஒண்ணை மட்டும்தான் வெச்சுக்கும், பழசு போயிரும். என்னோடது ராத்திரி 10க்கு ஓடி முடிக்கும், அவங்களோடது 11க்கு ஆரம்பிச்சு அதே ஃபோல்டர்ல ஏறி என்னோடதை அழிச்சிரும், தினமும் இதேதான் நடந்திருக்கு. விண்டோஸ் எரரையெல்லாம் பதிஞ்சு வெக்கிற ஈவன்ட் வியூவரைத் தொறந்தா ஒரே பேரு ரெண்டு மெஷின்ல இருக்குன்னு 4319 நம்பர் எரர் வரிசையா நிக்குது, ஒருத்தனும் பாக்கல.

சரி அந்தக் காசு கட்டின சாஃப்ட்வேர் என்ன பண்ணிச்சுன்னு கேக்கறீங்களா, அதையும் அவன் 10 மணிக்கே வெச்சிருக்கான். ஒரே மெஷின்ல ரெண்டு பேக்கப் ஒரே நேரத்துல ஷேடோ காப்பி எடுக்கப் போனா ஒண்ணு அடிபடும், அந்த 42316 அதுதான், ரௌட்டருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ரெண்டாவது தடவை வந்தப்ப அவன் பண்ண ரிப்பேர் என்னன்னா நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணினது. அந்த சாஃப்ட்வேரோட பேக்கப் தினமும் ஃபெயில் ஆயிட்டேதான் இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியல.

பில்லு பாதி ஆடிட்டர்கிட்ட இருந்தும் மெயில்ல இருந்தும் தேத்திட்டோம். மொட்டை போட்டோ வாட்ஸ்அப்ல சொந்தக்காரங்களுக்கு அனுப்பினது மட்டும் மிச்சம், அதுவும் மங்கலா. செத்த டிஸ்க்ல இருந்து எடுத்துத் தர 18,000 கேக்கறாங்க, எடுத்துருவோம்னு உத்தரவாதம் இல்லையாம்.

இப்ப அவங்க சிஸ்டத்துக்கு வேற பேரு, ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபோல்டர், ஒரு மெஷினுக்கு ஒரே ஒரு பேக்கப் சாஃப்ட்வேர், அது போக ஞாயித்துக்கிழமை ஒரு யூஎஸ்பி டிஸ்க்ல காப்பி எடுத்து பீரோவுல வெச்சிடறேன். உங்க வீட்லயும் யாராச்சும் குளோன் அடிச்சுக் குடுத்திருந்தா, ரெண்டு மெஷின்லயும் கமாண்ட் பிராம்ப்ட்ல ஹோஸ்ட்நேம்னு இங்கிலீஷ்ல தட்டிப் பாருங்க, ஒரே பேரு வந்துச்சுன்னா இன்னிக்கு ராத்திரி பேக்கப் ஓடறதுக்கு முன்னாடியே மாத்திருங்க. புதுசா செட் பண்ண வர்றவன்கிட்ட, ஒரு ஃபைலை அழிச்சு உங்க கண்ணு முன்னாடி திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லிட்டு அப்புறமா காசைக் குடுங்க. நான் ரௌட்டர் காசையாவது திருப்பிக் குடுன்னு கேட்டு மூணு வாரம் ஆச்சு, போனை எடுக்க மாட்டேங்கறான்.