ட்ராக் டே பயிற்சி: கொடுத்த காசுக்குத் தகுமா?

பந்தய ட்ராக்கில் சாதாரண ஆட்கள் கார் ஓட்டிப் பழகும் நாள்தான் ட்ராக் டே. அப்படியொரு பயிற்சிக்குப் போய்வந்தேன். சேலத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பினால், கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு டிபன் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். மறைந்த பந்தய வீரர் கரிவர்தன் பெயரிலுள்ள ட்ராக். பயிற்சி நடத்தியது வெளி நிறுவனம் ஒன்று.

வகுப்பறைப் பாடம் சுமார். பிரேக் பயிற்சி ஒன்றுக்கே கட்டணம் சரியாகப் போச்சு. வேகமாக வந்து, பெடலை முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும்போது காலுக்கடியில் தடதடவென உதறும். யாருக்கும் காலை எடுக்கத்தான் தோன்றும். "எடுக்காதீங்க சார், மிதிச்சுக்கிட்டே திருப்புங்க" என்றார் பக்கத்திலிருந்த பயிற்சியாளர். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாததால் வண்டி சொன்ன பக்கம் திரும்பியது.

வளைவுக்கு முன்பே, நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். கண் பானெட்டுக்கு முன்னால் அல்ல, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இது பொருந்தும். ஆனால் ரோட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு வளைவைக் கடக்கும் பந்தய ஓட்டப் பாதையை அங்கே முயலவே கூடாது. எதிரே பஸ் வரும்!

குறை என்றால் கூட்டம். ஓட்டிய நேரத்தைவிட வெயிலில் காத்திருந்த நேரம் அதிகம். வாடகை ஹெல்மெட்டின் வியர்வை நாற்றம் தனிக்கதை. சொந்தக் காரைக் கொண்டுபோவதானால் பிரேக் பேட், டயர் தேய்மானத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். வழக்கமான இன்சூரன்ஸ் பந்தய ஓட்டத்துக்குச் செல்லாது.